பிரிக்லிங்க்: உற்பத்தி நின்ற லெகோ பெட்டிகளுக்கு விற்ற விலை சொல்லும் தளம்

சிங்கப்பூரில் லெகோ பெட்டிகளைச் சேமிப்பாக வாங்கி வைத்திருக்கும் பலர், தங்கள் கையிருப்பின் மதிப்பைக் கரோசல் என்ற இணையச் சந்தையைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். உற்பத்தி நின்றுபோன ஒரு பெட்டியின் எண்ணைத் தட்டியதும் அங்கே விலைகள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றுள் மிக உயர்ந்ததில் கண் போய் நிற்கும். அலமாரியில் இருக்கும் நம் பெட்டியும் அவ்வளவு பெறும் என்று மனம் அப்போதே கணக்கை முடித்துவிடும். அவையெல்லாம் விற்கிறவர் கேட்கும் விலைகள். மாதக்கணக்கில் அதே படம் அதே விலையில் கிடந்தால், அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்றுதான் பொருள். வாங்கியவர் உண்மையில் எவ்வளவு கொடுத்தார் என்பதை அறிய வேறு இடத்துக்குப் போக வேண்டும். நான் போகும் இடம் பிரிக்லிங்க். பழைய லெகோவில் பணம் போட நினைக்கும் எவரும், முதல் பெட்டியை வாங்கும் முன் இந்தத் தளத்தில் சில மாலைகளையாவது செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களையும், சிங்கப்பூரிலிருந்து இதைப் பயன்படுத்தும்போது எதிர்ப்படும் சிரமங்களையும் இங்கே எழுதுகிறேன்.

பிரிக்லிங்க் 2000ஆம் ஆண்டில் டான் ஜெசெக் என்ற லெகோ ஆர்வலர் தொடங்கிய தளம். தொடக்கத்தில் அதன் பெயர் பிரிக்பே. அவர் 2010இல் இறந்தபின் குடும்பத்தார் சில ஆண்டுகள் நடத்தினர். 2013இல் தென்கொரியாவின் நெக்ஸன் என்ற கணினி விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கியவரின் முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. 2019 நவம்பரில் லெகோ நிறுவனமே அதை வாங்கிக்கொண்டது. அந்த நேரத்தில் 70 நாடுகளிலிருந்து 10,000க்கும் மேற்பட்ட கடைகளும் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களும் அதில் இருந்தார்கள். கடை என்றால் இங்கே தனிமனிதர் ஒருவர் தம் வீட்டு அறையிலிருந்து நடத்தும் பக்கமாகவும் இருக்கலாம், கிடங்கு வைத்திருக்கும் வணிகமாகவும் இருக்கலாம். இந்தக் கடைகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது அதன் பொருட்பட்டியல். ஒவ்வொரு பெட்டிக்கும், ஒவ்வொரு மினிஃபிகருக்கும் (லெகோவின் சிறு மனிதப் பொம்மை), ஒவ்வொரு நிறத்தில் வந்த ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி எண் உண்டு. ஒரே பொருளை ஆயிரம் பேர் ஆயிரம் பெயரில் விற்கும் குழப்பம் இல்லாததால்தான் விலைக் கணக்கு அங்கே துல்லியமாக நிற்கிறது.

இனி அந்த விலைப் பக்கத்தை அருகில் சென்று பார்ப்போம். ஒரு பெட்டியின் பக்கத்தில் விலை வழிகாட்டியைத் திறந்தால் நான்கு பத்திகள் வரும். முதல் இரண்டும் கடந்த 6 மாதங்களில் நடந்து முடிந்த விற்பனைகள்: ஒன்று புதியதற்கு, மற்றது பயன்படுத்தியதற்கு. அடுத்த இரண்டும் இப்போது விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பவை, அதே பிரிவில். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் எத்தனை முறை விற்றது, மொத்தம் எத்தனை பெட்டிகள், மிகக் குறைந்த விலை, சராசரி, எண்ணிக்கையைக் கணக்கில் கொண்ட சராசரி, மிக உயர்ந்த விலை என்று இருக்கும். அதன்கீழ் ஒவ்வொரு விற்பனையும் மாதவாரியாகத் தனித்தனி வரியாக நிற்கும். புதிதாக வருபவர்கள் சராசரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது விற்ற எண்ணிக்கையை. ஆறு மாதத்தில் நான்கைந்து பெட்டிகளே விற்றிருந்தால் அந்தச் சராசரிக்கு வலிமை இல்லை. யாரோ ஒருவர் அவசரத்தில் கொடுத்த அதிக விலை அதைத் தூக்கி நிறுத்தியிருக்கும். அடுத்து, விற்ற எண்ணிக்கையை இப்போது விற்பனைக்கு நிற்கும் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். ஆறு மாதத்தில் 30 பெட்டிகள் விற்று, 300 பெட்டிகள் காத்திருந்தால், இன்று வரிசையில் கடைசியாகச் சேர்பவரின் முறை வர ஆண்டுகள் ஆகும். பக்கத்தின் எந்த மூலையிலும் இதை எச்சரிக்கையாக எழுதி வைத்திருக்க மாட்டார்கள். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். விலைகளைச் சிங்கப்பூர் வெள்ளியில் காட்டும்படி அமைத்துக்கொள்ள முடியும் என்பதால் மனக்கணக்கும் மிச்சம்.

இந்தப் பக்கத்தின் அருமையை எனக்கு நன்றாக உணர்த்தியது தாஜ்மஹால். 2008இல் வந்த 10189 என்ற எண்ணுள்ள அந்தப் பெட்டியில் 5,922 துண்டுகள். அமெரிக்க விலை ஏறக்குறைய 300 டாலர். துண்டுகளின் எண்ணிக்கையில் அதுவரை வந்தவற்றுள் அதுவே மிகப் பெரியது. 2017 வரை அந்த இடத்தை வேறெதுவும் பிடிக்கவில்லை. உற்பத்தி நின்றபின் முத்திரை உடையாத பெட்டியின் விலை பல மடங்கு ஏறி, 2,000 டாலரைத் தாண்டியது. லெகோவில் முதலீடு என்று பேசுபவர்கள் எல்லாரும் உதாரணமாகக் காட்டியது அதைத்தான். நம்மவர்களில் பலருக்கு அது இந்தியக் கட்டடம் என்ற ஈர்ப்பும் சேர்ந்திருந்தது. 2017இன் இறுதியில் லெகோ நிறுவனம் அதே தாஜ்மஹாலை 10256 என்ற புதிய எண்ணில், 5,923 துண்டுகளோடு, 370 டாலர் விலையில் மறுபடியும் கடைக்குக் கொண்டுவந்தது. பழைய பெட்டியின் விலை சரிந்தது. பெட்டி அப்படியே இருந்தது, முத்திரை அப்படியே இருந்தது, வைத்திருந்தவரின் பொறுமையும் அப்படியே இருந்தது. அரிதாக இருந்தது மட்டும் ஒரே அறிவிப்பில் போய்விட்டது. அதே ஆண்டில் 2007ஆம் ஆண்டின் மில்லேனியம் ஃபால்கனுக்கும் (ஸ்டார் வார்ஸ் படத்து விண்கப்பல், எண் 10179) இதே கதி நேர்ந்தது. 500 டாலருக்கு வந்து ஆயிரங்களுக்கு ஏறிய அந்தக் கப்பலுக்குப் பதிலாக 7,541 துண்டுகள் கொண்ட 75192 என்ற புதிய கப்பல் 800 டாலருக்குக் கடைக்கு வந்தது. நாசாவின் சாட்டர்ன் ஐந்து ராக்கெட்டும் அப்படித்தான்: 2017இல் வந்து நின்று, 2020இல் வேறு எண்ணில் திரும்பி வந்தது.

இந்த மூன்றிலும் விலைச் சரிவை முன்கூட்டி அறிய ஒரே வழி, கேட்கும் விலையை மறந்துவிட்டு விற்ற விலையை மாதந்தோறும் கவனிப்பதுதான். மறுபதிப்பு பற்றிய செய்தி கசிந்ததும் விற்கும் வேகம் முதலில் குறையும். விலை அதன்பின்தான் இறங்கும். கரோசலில் இந்த இடைவெளி தெரியாது, ஏனென்றால் அங்கே பழைய விலைப்பலகையை யாரும் கழற்றுவதில்லை.

எது ஏறுகிறது, எது ஏறுவதில்லை என்பதற்குச் சூத்திரம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் இந்தத் தளத்தில் தொடர்ந்து பார்க்கும்போது சில காரணங்கள் கண்ணுக்குப் புலப்படுகின்றன. 2007இல் வந்த கஃபே கார்னர் (10182) தெருமுனைக் கட்டட வரிசையின் முதல் பெட்டி. அந்த வரிசை ஆண்டுதோறும் இன்றுவரை தொடர்கிறது, புதிய கட்டடத்தை வாங்கும் ஒவ்வொருவரும் தெருவின் தொடக்கத்தையும் வைத்திருக்க விரும்புகிறார்கள், மறுபதிப்பும் வரவில்லை. அதனால் அதற்குத் தேவை தானாகவே ஊறிக்கொண்டிருக்கிறது. கட்டடக்கலை வரிசையில் வந்த மரீனா பே சேண்ட்ஸ் (21021) 602 துண்டுகளே கொண்ட சிறிய பெட்டி. ஆனால் ஆசியாவின் சில நாடுகளில் மட்டும் விற்கப்பட்டது. அந்த வரிசையை முழுமையாகச் சேர்க்கும் ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் அது இல்லாமல் வரிசை நிறையாது. ஆர்ச்சர்ட் சாலையில் ஷாப்பிங் பைகளோடு நடந்தவர்கள் அன்று கவனிக்காமல் கடந்துபோன பெட்டி அது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் ஊரிலேயே இருக்கிறது. 2015இல் சிங்கப்பூரின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டிக் கல்வி அமைச்சு பள்ளி மாணவர்களுக்கு லெகோ பெட்டி ஒன்றை வழங்கியது. கவனாக் பாலம், சாங்கி விமான நிலையம், கரையோரப் பூந்தோட்டங்கள் ஆகிய மூன்றையும் அதைக் கொண்டு கட்டலாம். கடையில் கிடைக்காத, நினைவுச் சின்னமான, சிங்கப்பூருக்கென்றே செய்யப்பட்ட பெட்டி என்பதால் அது பெரிய செல்வமாகும் என்று அப்போது பேசப்பட்டது; இணையத்தில் விற்பனைக்கும் வந்தது. ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் வீடுகளில் எல்லாம் அது இருக்கிறது. கடையில் விற்கப்படாத பொருள் வேறு, அரிய பொருள் வேறு. எங்கள் வீட்டில் அது பிரிக்கப்பட்டுக் கட்டப்பட்டு, பாலம் இன்னும் புத்தக அலமாரியில் நிற்கிறது. அதற்கு அதுதான் சரியான இடம் என்று நினைக்கிறேன்.

சில பெட்டிகளில் மதிப்பு முழுவதும் விரல் உயர பொம்மை ஒன்றில் அடங்கியிருக்கும். 2003இல் ஸ்டார் வார்ஸ் வரிசையில் வந்த கிளவுட் சிட்டி (10123) பெட்டியில் இருந்த போபா ஃபெட் என்ற பாத்திரத்தின் பொம்மைக்குக் கைகளிலும் கால்களிலும் அச்சிட்ட வடிவங்கள் உண்டு. அந்த ஒன்றுக்காகவே பலர் அந்தப் பெட்டியைத் தேடுகிறார்கள். பயன்படுத்திய பெட்டியை வாங்கும்போது அந்தப் பொம்மை உள்ளே இருக்கிறதா, அசல்தானா என்று கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது. பிரிக்லிங்கில் மினிஃபிகர்களுக்கென்று தனி விலைப் பக்கம் இருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. பொம்மை இல்லாவிட்டால் அதன் விலையைப் பெட்டியின் விலையிலிருந்து கழித்துப் பார்த்துப் பேரம் பேசலாம்.

லெகோ முதலீட்டைப் பற்றிப் பேசுவோர் மாஸ்கோ உயர் பொருளியல் பள்ளியின் ஆய்வாளர்கள் செய்த ஆய்வைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. 1987 முதல் 2015 வரையிலான 2,322 பெட்டிகளை எடுத்துக்கொண்ட அந்த ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 11 விழுக்காடு ஆதாயம் என்று சொன்னது. அந்த ஒரு எண்ணைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வு, பெட்டிக்குப் பெட்டி ஆதாயம் மிகப் பெரிய அளவில் வேறுபடுவதையும், சில பெட்டிகள் பாதி மதிப்பை இழந்ததையும், உற்பத்தி நின்று இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே விலை ஏறத் தொடங்குவதையும் சேர்த்தே சொல்கிறது. சராசரி என்பது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளுக்கு உரியது. நம் அறையில் இருப்பவை பத்தோ இருபதோ.

அந்தச் சராசரியை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 500 வெள்ளிக்கு வாங்கிய ஒரு பெட்டி, 5 ஆண்டுகளுக்குப் பிறகு 800 வெள்ளிக்கு விற்றதாகக் கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 10 விழுக்காடு. பிரிக்லிங்க் விற்பவரிடம் வாங்கும் கட்டணம் குறைந்த தொகைக்கு 3 விழுக்காடு, தொகை ஏற ஏற வீதம் குறையும். அதற்கு 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பணம் கைமாறும் சேவைக்கு 35 வெள்ளி, அட்டைப்பெட்டிக்கும் குமிழி உறைக்கும் 10 வெள்ளி. கையில் நிற்பது 735 வெள்ளி. ஆண்டுக்கு 8 விழுக்காடு. அதே பெட்டிக்கு அந்த விலை வர 8 ஆண்டுகள் ஆனால் ஆதாயம் ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கும் குறைந்துவிடும். மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கு 2.5 விழுக்காடும் சிறப்புக் கணக்கு குறைந்தது 4 விழுக்காடும் எந்த அலமாரியும் இல்லாமல் தருகின்றன என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாறாக, அதே பெட்டியைத் தள்ளுபடியில் 400 வெள்ளிக்கு வாங்கியிருந்தால் 5 ஆண்டு ஆதாயம் 13 விழுக்காட்டை ஒட்டி வந்துவிடும். விற்கும் விலை நம் கையில் இல்லை; வாங்கும் விலை நம் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் ஆண்டிறுதித் தள்ளுபடிக்குக் காத்திருக்கும் பழக்கம், எந்தப் பெட்டி ஏறும் என்று ஊகிக்கும் திறமையைவிட அதிகம் சம்பாதித்துத் தருகிறது.

அலமாரி என்று சொன்னேன். இந்தத் தளத்தின் எந்த எண்ணிலும் தெரியாத செலவு அதுதான். பிரிக்லிங்கில் ஒரு பெட்டியைப் புதியது, முத்திரை உடையாதது என்று பட்டியலிடலாம். ஆனால் முத்திரை உடையாத பெட்டிகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஜெர்மனியில் பரண்மேல் பத்தாண்டு கிடந்த அட்டையும், ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சிங்கப்பூரில் பத்தாண்டு கிடந்த அட்டையும் ஒன்றாக இருக்காது. 1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்ட்டர் என்ற தடித்த சுவர்ப் பாதுகாப்பு அறை இருக்கிறது. பெட்டிகளை அடுக்க அதைவிட வசதியான இடம் இல்லை என்று எல்லாருக்கும் தோன்றும். காற்றோட்டம் குறைவான அந்த அறையில் சுவரை ஒட்டி அடுக்கினால், சுவர்ப்பக்க அட்டை முதலில் நெளியும், பிறகு பழுப்புப் புள்ளிகள் விழும், பிறகு மக்கல் வாடை வரும். ராமபாணப் பூச்சி அச்சிட்ட மேல்தாளைச் சுரண்டத் தொடங்கும். சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, தரையில் படாமல் தட்டின்மேல், சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய நெகிழிப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு. வீட்டில் இடம் போதவில்லை என்று பொது நடைபாதைக்குப் பெட்டிகளைத் தள்ளுவதும் கூடாது. தீப்பாதுகாப்புக்காக அங்கே 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும் என்பது விதி. வாடகைக் கிடங்கு எடுத்தால் மாத வாடகை ஆதாயத்தைத் தின்றுவிடும்.

பெட்டிக்குள் இருப்பதும் காலத்துக்குத் தப்பாது. ஒட்டுப்படத் தாள் உலர்ந்து, ஒட்டும்போது வெடிக்கும். ஒரு காலகட்டத்தில் வந்த செம்பழுப்பு, அடர்சிவப்புத் துண்டுகள் அழுத்தினால் விரிசல் விடுவதை அனுபவமுள்ளவர்கள் அறிவார்கள். முத்திரை உடையாத பெட்டியில் இவற்றைப் பார்க்க வழியில்லை என்பதால் விலையிலும் இது தெரிவதில்லை. கட்டுவதற்காக வாங்குபவருக்கு இது முக்கியம். அவர்தான் இந்தச் சங்கிலியின் கடைசி ஆள் என்பதால் எனக்கும் முக்கியம்.

ஈசூனில் இருக்கும் மூத்த சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து பெட்டி வாங்கியபோது, அவரே எனக்குப் பெட்டி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். பிரிக்லிங்கில் விற்பவரின் நாட்டைச் சிங்கப்பூர் என்று வடிகட்டித் தேடியபோது கிடைத்தவர் அவர். புளோக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் பெட்டியை வைத்துவிட்டு, நான் அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்க்கப் போனதும், "குலுக்காதீங்க தம்பி, உள்ளே இருக்கிற பைதான் கிழியும். வெளிச்சத்துக்குக் கொண்டு போங்க," என்றார். முத்திரையாக ஒட்டியிருக்கும் ஒளிபுகும் ஒட்டுவில்லையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒருமுறை கழற்றி மறுபடி ஒட்டியிருந்தால், வில்லையின் அடியில் அட்டையின் மேல்தாள் நாராகக் கிளம்பி வெள்ளைக் கோடாகத் தெரியும். விளிம்பில் தூசி கறுப்பாகப் படிந்திருக்கும். பிறகு அடிப்பக்க மூலைகள், பிறகு மடிப்புகளின் நேர்த்தி, கடைசியாகத்தான் முகப்பு. முகப்பைப் படம் எடுத்துப் போடாத விற்பனையாளர் கிடையாது. அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுபவரிடம் நம்பி வாங்கலாம் என்றார். அன்றிலிருந்து எந்தப் பெட்டிக்கும் நான் முதலில் கேட்பது அடிப்பக்கப் படத்தைத்தான்; தர மறுத்தவரிடம் வாங்கியதில்லை.

இங்கே தளத்தின் பெரிய குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விற்பனைக்கு வைக்கும் பெட்டியின் சொந்தப் படத்தைப் போடுவது கட்டாயமில்லை. பொருட்பட்டியலின் பொதுப் படம் மட்டும் நிற்கும். மூலை நசுங்கியதா இல்லையா என்பது விற்பவர் எழுதும் ஒரு வரிக் குறிப்பை நம்பியே இருக்கிறது. துண்டுகள் வாங்குபவருக்கு இது பொருட்டில்லை. ஆயிரம் வெள்ளிப் பெட்டி வாங்குபவருக்கு இது போதாது. தளத்தின் தோற்றமும் அமைப்பும் பழைய காலத்தவை. ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு நிபந்தனை, ஒவ்வோர் அனுப்பும் முறை, சிலவற்றில் குறைந்தபட்சக் கொள்முதல் தொகை என்று படித்து முடிக்கவே நேரம் பிடிக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது விலை வழிகாட்டியின் எண்ணை அப்படியே நம்பி இறங்கக் கூடாது. அந்த விலையில் அனுப்பும் செலவு சேராது. பெரிய பெட்டிகள் எடையைவிட இடத்தை அதிகம் அடைப்பவை என்பதால் விமான அஞ்சலில் கொள்ளளவைக் கொண்டு கட்டணம் போடுவார்கள். சரக்கின் விலையும் அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால், இறக்குமதியில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி கட்ட வேண்டும். உற்பத்தி நின்ற பெரிய பெட்டிகள் பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டிவிடும். இவை எல்லாவற்றையும் கூட்டினால், உலகச் சராசரியைவிட உயர்ந்த விலையைக் கேட்கும் உள்ளூர் விற்பனையாளர் உண்மையில் மலிவாக இருப்பார். நேரில் பார்த்து, கையில் வாங்கி, எம்ஆர்டி ரயிலில் வீடு கொண்டுவந்துவிடலாம். சிங்கப்பூரில் கடை வைத்திருப்போர் குறைவு என்பதுதான் வருத்தம்.

லெகோ நிறுவனமே இந்தத் தளத்தின் உரிமையாளர் என்பதைப் பற்றிச் சேகரிப்பாளர்களிடையே போதிய பேச்சு இல்லை என்று நினைக்கிறேன். எந்தப் பழைய பெட்டி எவ்வளவுக்கு விற்கிறது, எத்தனை பேர் தேடிக் காத்திருக்கிறார்கள் என்ற பதிவேடு, எதை மறுபடியும் தயாரிக்கலாம் என்று முடிவெடுக்கும் நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. விற்ற விலை உயர்வது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அதே எண் அவர்களுக்குத் தேவை எங்கே இருக்கிறது என்று காட்டும் செய்தி. நிறுவனத்தைக் குற்றம் சொல்ல இதில் ஏதுமில்லை. கட்டி மகிழ நினைப்பவருக்குக் குறைந்த விலையில் மறுபதிப்பு கிடைப்பது நல்லதே. ஆனால் பணம் போடுபவர் இதை எண்ணிப் பார்க்காமல் ஒரே எண்ணுள்ள பெட்டியைப் பத்தாக வாங்கி அடுக்கி வைப்பது ஆபத்து. முழுமையாக ஒரே தளத்தை நம்பியிருப்பதும் நல்லதில்லை: 2023 நவம்பரில் பாதுகாப்புச் சிக்கல் காரணமாக இது சில நாட்கள் மூடப்பட்டபோது, கடை நடத்துபவர்களின் வருமானமும் அத்தோடு நின்றது. முக்கியமான பெட்டிகளின் விற்ற விலையை மாதம் ஒருமுறை நான் தனியாகக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

முத்திரை உடைந்த, அட்டை கெட்ட பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இத்தளத்தில் மற்றொரு வசதி உண்டு. பெட்டியின் எண்ணைக் கொடுத்தால், உள்ளிருக்கும் எல்லாத் துண்டுகளையும் மினிஃபிகர்களையும் தனித்தனியாக விற்றால் கடந்த ஆறு மாத விலையில் எவ்வளவு வரும் என்று கூட்டிச் சொல்லும். சில பெட்டிகளுக்கு அந்தத் தொகை முழுப் பெட்டியின் விலையையும் மிஞ்சிவிடும். அவற்றைப் பிரித்து, நிறவாரியாகப் பொறுக்கி, சிறு பைகளில் போட்டு, நாள்தோறும் நான்கு ஆர்டர்களுக்காக அஞ்சலகம் போய்வரும் உழைப்பு அதில் சேராது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஓய்வுபெற்றவர்கள் சிலர் இதை விரும்பிச் செய்கிறார்கள். அவர்களின் கடைகளில் துண்டுகள் வாங்கினால் எண்ணிக்கை பிசகாது.

வரியைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரில் மூலதன ஆதாயத்துக்கு வரி கிடையாது என்பதால், சேர்த்து வைத்த பெட்டி ஒன்றிரண்டை விற்பவருக்குக் கவலையில்லை. தொடர்ந்து வாங்கி விற்று லாபம் பார்ப்பது வணிகமாகக் கருதப்பட்டால், அந்த லாபம் வருமானமாகும். உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் கணக்குக் காட்ட வேண்டும். வாங்கிய ரசீதுகளைப் பெட்டியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது இதற்கும் உதவும், வாங்குபவருக்கு அசல் என்று காட்டவும் உதவும்.

இந்தத் தளத்தாரிடம் நான் கேட்பது இரண்டே. ஆறு மாதத்துக்கு முந்திய விற்பனைப் பதிவுகளையும் ஆண்டுவாரியாகத் திறந்துவிட வேண்டும். பத்தாண்டு வைத்திருந்து விற்கப்படும் பொருளுக்கு ஆறு மாத வரலாறு போதாது. முத்திரை உடையாதது என்று ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் விற்பனைக்கு வைக்கப்படும் ஒவ்வொரு பெட்டிக்கும், முகப்பு, அடிப்பக்கம், முத்திரைகள் ஆகிய மூன்றின் சொந்தப் படங்களையும் கட்டாயமாக்க வேண்டும்.